சாகாமை வேட்கையும் நித்திய ஜீவனும்: பழவேற்காட்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாடும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் உவர்நீர் ஏரியின் தென்கோடியில் இருக்கிறது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது இந்த ஏரி. மீனும் இறாலும் நண்டும் எடுத்துப் பிழைக்கும் குப்பங்கள் இதைச் சுற்றி உள்ளன. ஊருக்குள் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் ஒன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் நுழைவாயிலின் இருபுறமும் காவலுக்கு நிற்பதுபோல இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. கூடவே ஒரு மணற்கடிகாரம். அதே ஊரின் நடூர் மாதாகுப்பத்தில் மகிமை மாதா ஆலயம் உள்ளது. அதன் தொடக்கம் போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1515ஆம் ஆண்டில் என்று மரபு கூறுகிறது.

கிறித்தவம் சாவைப் பற்றிச் சொல்லும் இரண்டு செய்திகளுக்கு இவ்விரு இடங்களையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். எலும்புக்கூடு 'சாவாய்' என்கிறது, ஆலயம் 'வாழ்வாய்' என்கிறது என்ற எளிய விளக்கம் சுற்றுலாக் குறிப்புகளுக்குப் போதும். ஆனால் இந்தக் கற்களைச் சற்று நின்று படித்தால் வேறொரு சிக்கல் தென்படுகிறது. சாகாமல் இருக்க வேண்டும் என்ற மனித வேட்கையும், கிறித்தவர் அறிக்கையிடும் நித்திய ஜீவனும் ஒன்றுதானா? மதப் பிரசங்கங்களும் மதமறுப்பு நூல்களும் இதை ஒன்றென்றே எடுத்துக்கொள்கின்றன. இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

கல்லில் எழுதிய பெயர்

ஒல்லாந்தர் 1610 வாக்கில் பழவேற்காட்டில் காலூன்றினர். 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களது கிழக்கிந்தியக் கம்பெனியின் மையம் இதுவே. கோட்டை இன்று புதர் மூடிய மேடு. கல்லறைகளோ பிழைத்திருக்கின்றன. வணிகத்தில் சேர்த்த செல்வம் கரைந்தது, சாவுக்குச் செய்த செலவு நிலைத்தது.

அக்காலத்து ஒல்லாந்துக் கல்லறைக் கல்வெட்டுகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இங்கே புதைக்கப்பட்டிருப்பவர் இன்னார், கம்பெனியில் இன்ன பதவி வகித்தவர், பிறந்த ஊர் இது, வாழ்ந்தது இத்தனை ஆண்டு, இத்தனை மாதம், இத்தனை நாள். குடும்பச் சின்னமும் உடன் செதுக்கப்படும். நாள் கணக்குவரை வாழ்வை அளந்து எழுதும் இந்தப் பழக்கத்தில் மணற்கடிகாரத்தின் மனநிலையே இருக்கிறது. எத்தனை மணல் விழுந்தது என்பதற்குக் கணக்கு வைக்கும் மனநிலை அது. வாயிலில் நிற்கும் எலும்புக்கூடுகள் பதவியும் குலமும் ஒன்றுமில்லை என்று அறிவிக்கின்றன. உள்ளே போனால் பதவியும் குலமும்தான் கல்லில் எழுதப்பட்டுள்ளன. வாயில் சொல்வதை வாயிலுக்கு உள்ளே இருப்பவர்கள் நம்பவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கல்லறைகள் காட்டுவது பெயர் அழியக்கூடாது என்ற ஆசையை. இது கிறித்தவத்துக்கே உரிய ஆசையன்று. நடுகல் நட்டவர்களுக்கும் மெய்க்கீர்த்தி பொறித்தவர்களுக்கும் இருந்த ஆசைதான். புகழுடம்பு என்று தமிழ் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது.

இதில் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு அடிமை வணிகத்தின் துறைமுகமாகவும் இருந்தது. பஞ்சத்தாலும் போராலும் விற்கப்பட்ட மக்கள் இங்கிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையார் கற்ற ஹைடல்பர்க் வினாவிடை, 1563இல் வெளிவந்தது, சாவிலும் வாழ்விலும் மனிதனுக்கு உள்ள ஆறுதல் எது என்றே முதல் கேள்வியைத் தொடங்குகிறது. தான் தனக்குச் சொந்தமல்ல, கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்பதே அந்த ஆறுதல் என்பது அதன் விடையின் சாரம். ஞாயிறுதோறும் இப்படிக் கற்றவர்கள், பிற மனிதர்களைத் தமக்குச் சொந்தமாக வாங்கவும் விற்கவும் செய்தனர். விற்கப்பட்டவர்களுக்கு இங்கே கல் இல்லை. நாள் கணக்கில் வயது எழுதிய கற்களுக்கு நடுவே நிற்கும் வாசகர் இதையும் நினைவில் வைக்காமல் அந்தக் கலையை வியக்க முடியாது.

ஆன்ம அழியாமையா, உயிர்த்தெழுதலா?

சிக்கலின் மையம் இதுதான். ஆன்மா இயல்பிலேயே அழியாதது, உடல் அதன் சிறை, சாவு விடுதலை என்பது பிளாட்டோவின் 'ஃபைடோ' உரையாடல் வைக்கும் பார்வை. நஞ்சுக் கோப்பையைக் கையில் வாங்கும்போதும் சாக்ரட்டீஸ் அமைதியாக இருப்பதற்குக் காரணம் அதுவே. புதிய ஏற்பாட்டில் இந்த அமைதி இல்லை. கெத்சமனேயில் இயேசு துயரப்படுகிறார், வியர்க்கிறார், இந்தப் பாத்திரம் நீங்கக் கூடாதா என்று கேட்கிறார். சாவு அங்கே நண்பனாக வரவில்லை. பவுல் அதைக் கடைசிப் பகைவன் என்றே வகைப்படுத்துகிறார்.

இந்த வேறுபாட்டை 20ஆம் நூற்றாண்டில் கூர்மையாக எழுப்பியவர் ஆஸ்கர் குல்மன். 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவில், ஆன்மாவின் அழியாமை கிரேக்கருடைய கருத்து, இறந்தோரின் உயிர்த்தெழுதலே கிறித்தவர்களுடைய நம்பிக்கை, இரண்டையும் கலப்பது தவறு என்று வாதிட்டார். கிறித்தவர்களே அவர்மீது சினந்தனர். தாங்கள் காலங்காலமாக நம்பியதைப் பறிக்கிறார் என்பது அவர்கள் குறை.

குல்மன் கோட்டைச் சற்று அழுத்தமாகவே கிழித்துவிட்டார் என்று சொல்ல இடமுண்டு. திருச்சபை மரபு இரண்டையும் நெடுங்காலம் சேர்த்தே வைத்திருந்தது. 1513இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் தனிமனித ஆன்மாவின் அழியாமையைக் கோட்பாடாக அறிவித்தது. மகிமை மாதா ஆலயத்தின் மரபு ஆண்டுக்கு அது இரண்டே ஆண்டு முந்தியது. ஹைடல்பர்க் வினாவிடையும் 57ஆம் கேள்வியில் இரண்டையும் இணைக்கிறது. சாவுக்குப்பின் ஆன்மா உடனே கிறிஸ்துவிடம் செல்லும், பின்னர் இதே உடல் எழுப்பப்பட்டு ஆன்மாவோடு சேரும் என்பது அதன் போதனை. ஆக, போர்ச்சுக்கீசியரின் கத்தோலிக்கமும் ஒல்லாந்தரின் கால்வினியமும் மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்டாலும், இந்த ஓர் இடத்தில் ஒரே கரையில் நிற்கின்றன. ஆயினும் குல்மன் சுட்டிய அடிப்படை சரியானது. சாகாத ஒன்று தன்னுள் இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு மீட்பர் தேவையில்லை. முழுவதும் செத்தவனுக்குத்தான் எழுப்புகிறவர் தேவை.

பத்மநாபன் சொன்னது

இந்த விவாதத்துக்குப் பழவேற்காடு தந்த கொடை ஒன்று உண்டு. ஆபிரகாம் ரோகேரியுஸ் என்ற ஒல்லாந்த குருவானவர் 1632 முதல் பத்தாண்டு இங்கே பணியாற்றினார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து, இந்து சமய வாழ்வையும் நம்பிக்கையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் அது அச்சானது. பத்மநாபனின் உதவியால் பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பகுதிகளையும் அதில் ஒல்லாந்த மொழியில் தந்தார். ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் சமஸ்கிருத இலக்கியம் அதுவே என்பர். சிருங்காரப் பகுதி இடம்பெறவில்லை.

கவனிக்க வேண்டியது இது: இளமை நில்லாது, செல்வம் நில்லாது, உடல் நில்லாது என்று சொல்லும் வைராக்கியக் கவிதை, எலும்புக்கூட்டை வாயிலில் நிறுத்திய சமூகத்தின் ஒரு போதகர் கையால் ஐரோப்பா சென்றது. நிலையாமையைப் பற்றி இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. நிலையாமையைக் கண்டபின் என்ன செய்வது என்பதில்தான் பிரிகிறார்கள். ஒருவருக்கு அது பற்றறுத்துப் பிறவியிலிருந்து விடுபடும் வழி. இன்னொருவருக்கு அதே உடலோடு மறுபடி எழும் காத்திருப்பு. பிறவி ஓயட்டும் என்று வேண்டுகிறவரிடம் முடிவில்லாத வாழ்வைப் பரிசாக நீட்டுவது எப்படி இருந்திருக்கும்? தமிழ்ச் சூழலில் கிறித்தவ மறைபரப்பு நெடுகச் சந்தித்த இடர் இது. மேலைச் சமயவியல் நூல்கள் இதைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

சொல்லின் சுமை

மொழிபெயர்ப்பும் குழப்பத்துக்குத் துணைபோனது. கிரேக்கத்தில் 'சோயே ஐயோனியோஸ்' என்பது வரும் யுகத்துக்கு உரிய வாழ்வு என்ற பொருளையும் தாங்கியது. சீர்திருத்தச் சபைகளின் தமிழ் வேதாகமம் அதை 'நித்திய ஜீவன்' என்றது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'நிலைவாழ்வு' என்றது. முதல் சொல்லில் உயிர் தீராமல் நீள்கிறது என்ற கால உணர்வு முந்துகிறது. இரண்டாவதில் அசையாத தன்மை முந்துகிறது. யோவான் நற்செய்தியின் 17ஆம் அதிகாரம் நித்திய ஜீவனுக்குத் தரும் விளக்கமோ கடவுளையும் அவர் அனுப்பியவரையும் அறிவது என்பதாகும். அங்கே நாள், மாதம், ஆண்டு எதுவும் இல்லை. மணற்கடிகாரத்தை எத்தனை முறை திருப்பி வைத்தாலும் அதற்கு இது கிடைக்காது.

இந்தப் பொருளைத் தவறவிட்டதால்தான் பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுப்பிய தடை வலுவாகத் தெரிகிறது. கரேல் சாப்பெக்கின் நாடகத்தில் மருந்தொன்றால் மிக நீண்ட காலம் வாழ்ந்து சலித்துப்போன பெண்ணை எடுத்துக்கொண்டு, முடிவில்லா வாழ்வு தாங்கமுடியாத சலிப்பாகவே முடியும் என்று அவர் வாதிட்டார். நீளும் வாழ்வைப் பற்றி அது சரியான வாதம். யோவான் சொல்வதை அது தொடவில்லை. ஃபாயர்பாக் வேறு பக்கத்திலிருந்து தாக்கினார். மனிதன் தன் ஆசையை வானத்தில் எழுதி அதையே வணங்குகிறான் என்ற அவரது விமரிசனம் பழவேற்காட்டுக் கல்லறைச் சின்னங்களுக்கு நன்றாகப் பொருந்தும். எலும்புக்கூட்டுக்குப் பொருந்துமா என்பது ஐயமே. ஆசையின் விளைவு மட்டுமே சமயம் என்றால், ஆசைக்கு இவ்வளவு வெறுப்பான படத்தை வாயிலில் வைக்க வேண்டியதில்லை.

நெல்லிக்கனியும் பெருவாழ்வும்

தமிழ் மரபில் சாகாமை வேட்கை தனி வழிகளில் சென்றிருக்கிறது. அதியமான் அரிதில் பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதை புறநானூற்றில் உண்டு. சாகாமையின் மதிப்பு அதை விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது என்பது அதன் உட்கிடை. சித்தர்கள் காயகற்பம் தேடினர். இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கியா இஞ்ஞாசியார் நற்கருணை அப்பத்தைச் சாகாமையின் மருந்து என்று குறித்ததைச் சித்தர் மரபு அறிந்த தமிழர் படித்தால் புருவம் உயர்த்துவார். ஆனால் அந்த மருந்து பலர் கூடிப் பிட்டு உண்ணும் ஓர் அப்பம். குகையில் தனித்திருந்து உண்ணும் குளிகையைவிட நெல்லிக்கனிக்குத்தான் அது நெருக்கம்.

கிறித்தவ உயிர்த்தெழுதலுக்கு மிக அருகில் வரும் தமிழ்க் குரல் வள்ளலாருடையது. இராமலிங்க அடிகள் 1823இல் பிறந்து, இளமையைச் சென்னையில் கழித்தவர். மரணமிலாப் பெருவாழ்வு என்பது அவர் சொன்ன இலக்கு. ஆன்மா தப்பிப் போவதை அவர் பேசவில்லை. இந்த உடலே ஒளியுடம்பாக மாறுவதைப் பேசினார். இறந்தோரை எரிக்க வேண்டாம், புதையுங்கள் என்று அறிவுறுத்தினார். அவர்கள் எழுப்பப்படுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அதற்குப் பின்னால் இருந்தது. 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்றவர் திரும்பவில்லை. 1878இன் தென்னார்க்காடு மாவட்டக் கையேடும் இதைப் பதிவு செய்தது. பவுலின் 'ஆவிக்குரிய உடல்' என்ற கருத்தோடு இதற்கு வியப்பான ஒப்புமை உண்டு. வேறுபாடும் உண்டு. வள்ளலாரிடம் சாவு தவிர்க்கப்பட வேண்டியது. பவுலிடம் சாவு கடந்தே ஆகவேண்டியது. விதை புதைந்தாலன்றி முளைக்காது என்ற உவமையை அவர் கையாள்வது அதனால்தான்.

கடலில் போனவர்கள்

இந்த விவாதம் எல்லாம் கல்லறை உள்ளவர்களைப் பற்றியது. மீனவக் குப்பத்தில் கேள்வி வேறுவிதமாக எழும். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கரை ஒதுங்கவில்லை என்றால், எழுப்பப்பட எது மீந்திருக்கிறது? 2004 டிசம்பர் 26இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் ஊருக்குள் வந்தபோது தமிழகக் கரை முழுதும் இந்தக் கேள்வி எழுந்தது. சட்டமும் இங்கே தயங்கி நிற்கிறது. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, ஏழாண்டு தகவல் இல்லாதபோதுதான் ஒருவர் இறந்ததாக ஊகிக்கப்பட்டது. அதுவரை மனைவி விதவையும் அல்ல, சுமங்கலியும் அல்ல. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூவும் மெழுகுதிரியும் வைக்கும்போது, அவளுக்கு வைக்க இடமில்லை.

பழைய கிறித்தவச் சிந்தனையாளர்கள் இதை எண்ணாமல் விட்டுவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டு அத்தெனாகோரஸின் பெயரில் உள்ள உயிர்த்தெழுதல் நூல், கப்பல் உடைந்து இறந்தவர்களை மீன் தின்கிறது, அந்த மீனை மனிதர் தின்கிறார்கள், அப்படியானால் அந்தத் தசை யாருக்குச் சொந்தம் என்ற எதிராளியின் கேள்வியை நேரே எதிர்கொள்கிறது. மனிதத் தசை மனிதனுக்கு இயல்பான உணவல்ல, ஆதலால் அது உடலில் ஒட்டாது என்பது அந்நூலின் விடை. உடலியலாக இது நிற்காது. ஆனாலும் கேள்வியின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆன்மா பிழைத்திருக்கும், உடலைப் பற்றிக் கவலை எதற்கு என்று கையை உதறிவிட்டுப் போவது எளிது. அவர் அப்படிப் போகவில்லை. அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' நூலில் அடக்கம் இல்லாமையால் இறந்தோருக்குக் கேடில்லை என்று ஆறுதல் சொல்கிறார். அடக்கச் சடங்கு உயிரோடிருப்பவர்களின் ஆறுதலுக்கே என்ற அவரது கருத்து உண்மை. ஆனால் கரையில் நிற்கும் பெண்ணுக்கு வேண்டியதும் அந்த ஆறுதல்தான் என்பதை அது போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. பவுலின் விதை உவமை இவ்விரண்டையும்விடத் தொலைதூரம் போகிறது. முளைத்த பயிரில் விதையின் தசையைத் தேடுவாரில்லை, எனினும் அது அதே நெல்தான்.

திருவெளிப்பாடு நூலின் 20ஆம் அதிகாரத்தில், கடல் தன்னிடமுள்ள இறந்தோரைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி வருகிறது. கடலோர ஊர்களுக்கென்றே எழுதியது போன்ற வாக்கு. அடுத்த அதிகாரத்தைத் தொடங்கும்போதே, புதிய உலகில் கடல் இல்லாமல் போய்விட்டது என்கிறது அதே நூல். உரையாசிரியர்கள் கடல் அங்கே தீமைக்கும் குழப்பத்துக்கும் குறியீடு என்பர். இருக்கலாம். நிலத்தில் வாழ்ந்தவர்கள் கண்ட சொர்க்கம் அது என்ற உணர்வு மாறவில்லை. பழவேற்காட்டில் ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிடும் வழக்கத்துக்குப் 'பாடு' என்று பெயர். ஆலயத்தில் அதே சொல் இயேசுவின் வேதனையைக் குறிக்கிறது. கடல் இல்லாத பேரின்பத்தில் இந்தச் சொல்லின் முதல் பொருளுக்கு வேலையில்லாமல் போகும்.

சங்கப் புலவர் ஒருவர் உண்டு. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்பதே அவர் பெயர். சாவே அடைமொழியாக நின்றுவிட்ட மனிதர். இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் அதைத் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்ற கருத்தைப் புறநானூற்றில் விட்டுச் சென்றவர் அவர். கடலில் போன ஒருவர் சாகாமை மருந்தைப் பற்றிச் சொன்ன இந்தச் சொல்லைத் தமிழ்க் கிறித்தவ இறையியல் இன்னும் கைக்கொள்ளாதது வியப்பு.

உயிர்த்தெழுந்தவரைப் பற்றிய நற்செய்திக் காட்சிகளில் இந்தக் குப்பங்களுக்கு மிக அருகில் இருப்பது யோவான் 21ஆம் அதிகாரம். திபேரியாக் கடல் என்பது உண்மையில் ஓர் ஏரி. இரவு முழுதும் வலைவீசி ஒன்றும் கிடைக்காத மீனவர்கள், விடியலில் கரையிலிருந்து ஒருவர் சொன்ன பக்கம் வலையைப் போடுகிறார்கள். 153 பெரிய மீன்கள். எண்ணிக்கைக்கு ஆயிரம் ஆன்மிக விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. மீனை எண்ணாமல் மீனவன் கரையேறுவதில்லை என்ற எளிய விளக்கம் போதும். லூக்காவில் சீடர்கள் ஆவி என்று அஞ்சியபோது அவர் பொரித்த மீன்துண்டை வாங்கி உண்டு காட்டுகிறார். சாவை வென்றதற்குச் சான்றாக ஒளியும் இடியும் வரவில்லை, பசி வந்தது. எலும்புக்கூட்டுக்கு முடியாதது உண்பது ஒன்றுதான். யோவானின் காட்சியில் அவர் கரியடுப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஏற்கனவே வைத்திருக்கிறார். இருந்தும், இப்போது பிடித்ததிலும் சில மீன்களைக் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறார்.